உங்கள் ஊர்ப் பழைய காகிதங்களைக் காப்பாற்றுவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. எரிந்தவற்றில், யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையின் பிரதியும் ஒன்று என்று சொல்வார்கள். ஆனால் அந்த நூலை நீங்கள் இன்றைக்கும் எடுத்து வாசிக்கலாம். 1879இல் பிரிட்டோ அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிட்டுவிட்டார், 1949இல் குல. சபாநாதன் தமிழில் ஒரு பதிப்பு கொண்டுவந்தார், அந்த அச்சுப் பிரதிகள் கொழும்பு, சென்னை, லண்டன் என்று எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருந்தன. நூலகத்தில் மட்டும் இருந்தவை போனது போனதுதான்.

வரலாற்றை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: ஒரே ஒரு பிரதி யார் கையில் இருக்கிறதோ அவர்தான். அவர் தீ வைக்கலாம், பூட்டி வைக்கலாம், எடைக்குப் போடலாம், அல்லது எதுவுமே செய்யாமல் கரையானிடம் விட்டுவிடலாம். தீ வைப்பது அபூர்வம். மற்ற மூன்றும் இன்றைக்கும் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கும்.

உங்கள் குடும்பம், தெரு, சங்கம், ஊர் சம்பந்தப்பட்ட காகிதங்களை இரண்டாவது, மூன்றாவது கைகளுக்குக் கொண்டுபோவது எப்படி என்று மட்டும் இங்கே சொல்கிறேன். பெரிய செலவு இல்லை. ஒரு நல்ல போன், ஒரு ஹார்ட் டிஸ்க், கொஞ்சம் பொறுமை, கூட ஒரு ஆள். தனியாகச் செய்தால் பாதியில் நின்றுவிடும், அதனால் ஆளை முதலிலேயே பிடித்துவிடுங்கள்.

முதலில் ஒரு பட்டியல்

போனை எடுக்காதீர்கள், நோட்டை எடுங்கள். என்ன இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, வேறு எங்காவது பிரதி இருக்கிறதா, என்ன நிலையில் இருக்கிறது: இந்த நாலு விவரத்தை வரிசையாக எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வருகிறவைதான் முதலில் செய்ய வேண்டியவை. அச்சான புத்தகம் எவ்வளவு பழசாக இருந்தாலும் எங்காவது இன்னொன்று இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உங்கள் தாத்தா வைத்திருந்த வரவு செலவு நோட்டுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் 'வரலாறு' என்றதும் செப்பேடு, ஓலைச்சுவடி என்று தேடப் போய்விடுகிறார்கள். கிடைத்தால் சந்தோஷம். ஆனால் மொய் நோட்டைப் பாருங்கள். ஒரு வீட்டின் முப்பது வருட மொய் நோட்டு இருந்தால் யார் யாரோடு உறவு வைத்திருந்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் எந்த வருடத்திலிருந்து வருவதை நிறுத்தினார்கள், ஐந்து ரூபாய் எப்போது ஐம்பது ஆனது என்று எல்லாம் அதில் கிடக்கிறது. கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கூட்டுறவுச் சங்கத்தின் தீர்மானப் புத்தகம், பள்ளி ஆண்டு மலர், தொழிற்சங்கத் துண்டறிக்கை, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம். யாரும் மதிக்காததால் யாரும் சேர்த்து வைக்காதவை இவை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா இப்படித்தான் புத்தகத்தோடு நாடக நோட்டீஸையும் துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994இல் சென்னையிலேயே அதை ஒரு ஆய்வு நூலகமாக வைத்தது. அச்சு வரலாறு பற்றி ஆராய்கிற பலரும் இன்றைக்கு அங்கேதான் போகிறார்கள். அரசாங்கம் சேர்க்காததை ஒரு பெயின்டர் சேர்த்திருக்கிறார், நீங்களும் தாராளமாகச் சேர்க்கலாம்.

அரசாங்கத்தின் கையில் இருப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆவணம் என்பது சோறும் நிலமும் ஆகிறது.

1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பொறுப்பு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் அங்கிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைப்படி அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது, அதற்கப்புறமும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம், வேறு யாருக்கு விற்றாலும் செல்லாது. இதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றைக்கு அந்த நிலம் பெரும்பாலும் மற்றவர்கள் கையில் இருக்கிறது. மீட்க வேண்டும் என்றால் அது பஞ்சமி நிலம்தான் என்று காகிதத்தில் காட்டியாக வேண்டும், அந்தக் காகிதமோ தாலுகா அலுவலகத்தில், வருவாய்த் துறையின் பீரோவில்.

இதில் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை யூடிஆர் என்று ஒரு திட்டம் நடந்தது. நில உடைமைப் பதிவுகளை எல்லாம் புதுப்பித்தார்கள். பழைய பதிவேட்டில் இருந்த குறிப்புகள் புதியதில் வராமல் போனதாக நூற்றுக்கணக்கான ஊர்களில் புகார் இருக்கிறது. நிலத் தகராறு பார்த்த எந்த வக்கீலைக் கேட்டாலும் 'யூடிஆர் பிழை' என்ற வார்த்தையைச் சொல்வார். இணையத்தில் நீங்கள் எடுக்கும் பட்டா, சிட்டா எல்லாம் இந்தப் புதிய பதிவின் வாரிசுகள். திரையில் பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக அதுதான் முழு வரலாறு என்று நினைத்துவிடாதீர்கள். கணினிமயமாக்கினால் ஆவணம் பாதுகாப்பாகிவிடும் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை: கணினியில் ஏற்றும்போது எந்தப் பதிப்பை ஏற்றுகிறார்களோ அது நிலைத்துவிடுகிறது, மற்றது சத்தமில்லாமல் காலாவதி ஆகிவிடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது: யூடிஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடு, அதாவது எஸ்.எல்.ஆர். என்று சொல்கிறார்களே அது, அப்புறம் கிராமத்து நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் பழைய ஏ பதிவேடு, இவற்றில் உங்கள் கிராமத்துக்கான பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். தாலுகா அலுவலகத்தில் நகல் மனு போடலாம். அங்கே 'இல்லை' என்றால் மாவட்ட ஆவண அறை, அதற்கப்புறம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வாய்வார்த்தையாக 'இல்லைங்க' என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு மனு போட்டு, ஆவணத்தை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், அந்தச் சட்டம் நகலை மட்டும் தருவதில்லை, பார்வையிடும் உரிமையையும் தருகிறது. அதே மனுவில் இன்னொரு கேள்வியும் சேருங்கள்: அந்தப் பதிவேடு இல்லை என்றால் எந்தத் தேதியில், எந்த விதியின் கீழ், யார் உத்தரவில் அழிக்கப்பட்டது? இந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்த பிறகு 'இல்லை' என்றிருந்த பதிவேடு கிடைத்துவிடுவதும் உண்டு. முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

அழித்ததையும் ஆவணமாக வாங்கி வையுங்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் காலனிகளை விட்டுப் போகும்போது சங்கடமான கோப்புகளை எரித்தார்கள், மீதியைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பூட்டி வைத்தார்கள். அப்படி ஒன்று இருப்பதே 2011இல்தான் வெளியே வந்தது, அதுவும் கென்யாவில் சித்திரவதைக்கு ஆளான முதியவர்கள் லண்டனில் வழக்குப் போட்டதால். எரித்ததற்கான அத்தாட்சிக் குறிப்புகளும் அதே கோப்புகளில் இருந்தன.

படம் எடுப்பது

சரி, இப்போது போனை எடுங்கள். காகிதத்தைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுக்கலாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள், இரண்டும் பத்து வருடத்தில் காகிதத்தைக் கொன்றுவிடும். ராமபாணப் பூச்சி அரித்த நோட்டாக இருந்தால் பக்கத்தைத் திருப்பும்போதே உதிரும், அப்படிப்பட்டதை நடுவில் நிறுத்தாமல் ஒரே உட்காரலில் எடுத்து முடித்துவிடுங்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெய் தடவுவது, மஞ்சள் பூசுவது என்று யூடியூபில் பார்த்ததை எல்லாம் முயற்சி செய்யாமல், இருந்தபடியே படம் எடுத்துவிட்டுத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

நேரடி வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சம் உள்ள திண்ணை அல்லது ஜன்னலோரம் போதும். பிளாஷ் வேண்டாம். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் நேர் கீழ்நோக்கி வையுங்கள். பக்கத்தில் ஒரு அடிஸ்கேல் வைத்து எடுத்தால் பின்னால் பார்க்கிறவருக்கு அளவு தெரியும். அட்டை, உள்அட்டை, காலிப் பக்கம், கடிதமென்றால் உறை, போட்டோவென்றால் பின்பக்கம், எல்லாவற்றையும் எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கும் ஒரு பெயர் சமயத்தில் முன்பக்கத்தைவிட முக்கியமானது. ஸ்கேனர் இருந்தால் எழுத்துக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600. ஸ்கேனர் மென்பொருள் டிஃப் வடிவத்தில் சேமிக்கவிட்டால் அதுவே மூலப்படி, இல்லையென்றால் அதிகத் தரத்தில் ஜேபெக். மூலப்படியில் கை வைக்காதீர்கள். வெட்டுவது, நேராக்குவது, பிடிஎஃப் ஆக்குவது எல்லாம் ஒரு நகலில்.

ஸ்கேன் செயலிகளில் 'அழகாக்கு' மாதிரி ஒரு வசதி இருக்கும். காகிதத்தை வெள்ளையாக்கும்போது மங்கிய மையும் சேர்ந்து போய்விடும், அதை அணைத்து வையுங்கள். பழைய போட்டோவை ஏஐ கொண்டு தெளிவாக்கித் தரும் செயலி இன்னும் மோசம். மங்கிய முகத்தில் அது இட்டு நிரப்புவது யாரோ ஒருவருடைய கண்ணும் மூக்கும்தான். வீட்டில் மாட்டிக்கொள்ள ஒன்று செய்துகொள்ளுங்கள், ஆவணத் தொகுப்பில் அதைச் சேர்க்காதீர்கள்.

எடுத்த படத்தை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்படும், எடுத்த தேதி முதலான உள்விவரமும் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு நேராகக் கணினிக்கு மாற்றுங்கள்.

கல்வெட்டு பற்றி ஒரு வார்த்தை. ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் சாயங்காலத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். சாக்பீஸ், மாவு, விபூதி எதுவும் தேய்க்க வேண்டாம். திருப்பணி நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டால் அதற்கு முன்னாலேயே போய் எடுத்துவிடுங்கள். மணல் வீச்சுக்கும் சுண்ணாம்புக்கும் பலியான கல்வெட்டுகள் எத்தனையோ. தொல்லியல் துறை மைப்படி, அதாவது கல்லில் தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் படி, எடுத்திருக்கிறதே என்பீர்கள், எடுத்தார்கள்தான். ஆனால் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகளாக மைசூரில் கிடந்தன, அவற்றைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது.

பெயர் வைப்பதும் விவரம் எழுதுவதும்

கோப்புப் பெயரில் முதலில் ஆண்டு, மாதம், நாள். 1974-05-12 என்ற மாதிரி எழுதினால் தானாகவே கால வரிசையில் நிற்கும். தேதி தெரியாவிட்டால் 1970கள் என்று போடுங்கள், தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரிதாளில் ஒரு வரி: என்ன இது, யார் உருவாக்கியது, எப்போது, எந்த ஊர், இப்போது யாரிடம் இருக்கிறது, யார் படம் எடுத்தது, யார் யார் படத்தில் இருக்கிறார்கள், என்ன நிபந்தனை. நூலகங்கள் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற முறையில் 15 தலைப்புகள் உண்டு, உங்கள் விரிதாளை அதற்கு ஏற்ப அமைத்துவிட்டால் பிறகு எந்த நூலகத்துக்குக் கொடுத்தாலும் எளிதில் ஏற்றிக்கொள்வார்கள்.

இது சலிப்பான வேலை, எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். ஆனால் ஆவணத்தின் மீது அதிகாரம் செலுத்துவதே இந்த வரிதான். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அந்தச் சட்டத்தை ரேகைச் சட்டம் என்பார்கள். காப்பகத்தில் நீங்கள் 'ரேகைச் சட்டம்' என்று தேடிக்கொண்டிருந்தால் எதுவும் கிடைக்காது, போலீஸ் என்ன தலைப்பு வைத்ததோ அதில்தான் தேட வேண்டும். உங்கள் பட்டியலில் இரண்டையும் எழுதுங்கள்: அதிகாரிகள் வைத்த பெயர் ஒரு நெடுவரிசையில், மக்கள் சொல்லும் பெயர் இன்னொரு நெடுவரிசையில். பழைய காகிதத்தில் இழிவான சாதிச் சொல் இருந்தால் மூலத்தில் அதை மறைக்காமல், விவரத்தில் அதைத் திருப்பிச் சொல்லாமல் விடலாம்.

பெரியவர்களின் பேச்சு

காகிதமே இல்லாதவர்களின் வரலாறு இப்படித்தான் கிடைக்கும், அதிலும் காகிதம் காத்திருந்தாலும் ஆள் காத்திருக்க மாட்டார், அதனால் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் ஸ்கேனிங்கை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள். போனில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலி போதும், முடிந்தால் வேவ் வடிவம். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை அவருக்கு அருகில் ஒரு துணியின் மேல் வையுங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும், பிறகு கோப்புப் பெயர் மாறிப் போனாலும் குரலுக்குள்ளேயே விவரம் இருக்கும்.

'அந்தக் காலம் எப்படி இருந்தது பாட்டி' என்று கேட்டால் 'எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு' என்பதோடு முடிந்துவிடும். 'கிணத்துல தண்ணி எடுக்க யார் யாரை விடமாட்டாங்க?', 'முதல்ல கரண்டு வந்தது எந்த வீட்டுக்கு?' என்று பொருளைப் பிடித்துக் கேளுங்கள். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்தால் கேள்வியே தேவைப்படாது.

பதிவை யார் கேட்கலாம், எப்போது வெளியிடலாம் என்பதை அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதிவு செய்யுங்கள். 'நான் போன பிறகு போடு' என்றால் அப்படியே. ஒரே ஊரில் அடித்தவரும் அடிபட்டவரும் இன்னும் எதிரெதிர்த் தெருவில் இருப்பார்கள், உங்கள் ஆர்வத்துக்காக ஒரு கிழவியை மாட்டிவிடக் கூடாது.

தேடக்கூடிய எழுத்தாக்குவது

படம் மட்டும் இருந்தால் தேட முடியாது. அச்சுப் புத்தகமென்றால் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸாகத் திறந்தாலே தமிழ் எழுத்து ஓரளவு சரியாக வந்துவிடும், டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் பழைய றா, னா, லை, னை வடிவங்கள் வரும், அங்கே இவை தடுமாறும், உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

இப்போது ஏஐ கையெழுத்தையும் படிக்கிறது. உபயோகம்தான், ஆனால் ஓர் ஆபத்து. பழைய கருவி தப்பாகப் படித்தால் பார்த்ததும் தெரியும், குப்பையாக வரும். ஏஐயோ புரியாத இடத்தில் சரளமான, பொருத்தமான, அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லாத ஒரு வாக்கியத்தைப் போட்டுவிடும். எந்தக் கருவி படித்தது, மனிதர் சரிபார்த்தாரா என்று ஒவ்வொரு கோப்பிலும் எழுதி வையுங்கள், படத்தையும் பக்கத்திலேயே வையுங்கள்.

1990களில், 2000களில் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டவை தனிப் பிரச்சினை. பாமினி, வானவில், டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம், அதாவது எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறை. இன்றைக்குத் திறந்தால் கிறுக்கெழுத்தாகத் தெரியும். அழித்துவிடாதீர்கள், என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். சங்க மலர்களை அச்சடித்த உள்ளூர் டிடிபி கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பழைய சிடிக்கள் அவரிடம் இருக்கலாம்.

மாற்றவில்லை என்று நிரூபிப்பது

நாளைக்கு யாராவது 'இது போட்டோஷாப்' என்பார்கள், பஞ்சமி நிலம் மாதிரி விஷயமென்றால் நிச்சயம் சொல்வார்கள். இதற்கு ஹாஷ் என்று ஒரு வழி. ஒரு கோப்பை ஷா-256 என்ற கணக்கில் கொடுத்தால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வேறு ரேகை. செவன்-சிப் (7-Zip) என்ற இலவச மென்பொருளை நிறுவியிருந்தால் விண்டோஸில் கோப்பின் மேல் வலது க்ளிக் செய்தாலே எடுத்துக் கொடுக்கும். எல்லாக் கோப்புகளின் ஹாஷையும் ஓர் உரைக்கோப்பில் சேர்த்து, அதை அச்சிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள், இரண்டு மூன்று பேருக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு கொடுக்கும் சான்றிதழிலேயே ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும்.

பிளாக்செயின், அதாவது பலருடைய கணினிகளில் ஒரே சமயம் இருக்கும், எளிதில் மாற்ற முடியாத பதிவேட்டுச் சங்கிலி, வந்துவிட்டது, இனி யாரும் வரலாற்றை அழிக்க முடியாது என்று ஒரு கோஷ்டி சொல்லும். ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவசச் சேவை உங்கள் ஹாஷை பிட்காயின் சங்கிலியில் கோத்துவிடும், இன்ன தேதிக்கு முன்பே இந்தக் கோப்பு இருந்தது என்று அதை வைத்துக் காட்டலாம். அவ்வளவுதான் அதன் வேலை. கோப்பு தொலைந்து போனால் சங்கிலியில் இருப்பது வெறும் 64 எழுத்து. பொய்யான ஆவணத்துக்கும் அது அதே மரியாதையோடு தேதி போட்டுத் தரும்.

பிரதிகளைப் பிரித்துக் கொடுப்பது

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். நூலகக்காரர்கள் சொல்லும் பொது விதி இது. நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: குறைந்தது ஒன்றாவது உங்களோடு கருத்து வேறுபடக்கூடிய ஒருவர் கையில். ஒரே கட்சி, ஒரே குடும்பம், ஒரே அமைப்பு என்றால் எத்தனை ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் கணக்கில் ஒரு பிரதிதான்.

வேறு ஊர் என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று என்று வைத்திருந்தவர்களுக்கு இரண்டு ஊரிலும் வெள்ளம். ஹார்ட் டிஸ்க்கை வருடத்துக்கு ஒரு தடவை செருகி, ஹாஷ் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாறு வருடத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். கூகுள் டிரைவ் வசதிதான், ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் உங்கள் மண்டைக்குள் மட்டும் இருந்தால் உங்களுக்கு ஒன்று ஆனால் தொகுப்பும் கூடவே வரும். இன்னொருவருக்கும் எழுதிக் கொடுங்கள்.

பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் நிம்மதி என்பதும் பாதிதான் சரி. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து, 2024 ஜனவரி வரை அதன் முதன்மைப் பட்டியலைக்கூட இணையத்தில் பார்க்க முடியவில்லை. 2024 அக்டோபரில், வலைப்பக்கங்களையும் புத்தகங்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாள் முடங்கியது.

இணையத்தில் இருப்பவை

இணையத்தில் போட்டது அழியாது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்து இல்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது. தமிழிலேயே உதாரணம் உண்டு. மரத்தடி, ராயர் காப்பி கிளப் மாதிரி யாஹூ குழுமங்களில்தான் 2000களின் தொடக்கத்தில் பலர் எழுதிப் பழகினார்கள், சண்டையும் போட்டார்கள். 2019 டிசம்பரில் யாஹூ எல்லாக் குழுமங்களின் பழைய பதிவுகளையும் நீக்கியது. தனியாக இறக்கி வைத்தவர்களிடம் இருப்பதுதான் மிச்சம்.

ஒரு பக்கம் முக்கியம் என்று தோன்றினால் உடனே வேபேக் மெஷினில் போய் அதன் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள், அரை நிமிட வேலை. அது இன்டர்நெட் ஆர்க்கைவுடையது, அதனால் உங்களிடமும் ஒரு பிரதி வேண்டும். ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற பிரவுசர் நீட்சி நீங்கள் பார்க்கும் பக்கத்தை அப்படியே, படம், வீடியோ உட்பட, ஒரே கோப்பாகச் சேர்த்துத் தரும். அரசுத் தளத்தில் வரும் அறிக்கை, அரசாணை பிடிஎஃப் இவற்றைப் பார்த்த அன்றே இறக்குங்கள், தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று முகவரிகளை மாற்றும்போது பாதி காணாமல் போய்விடும்.

யாருக்குக் கொடுப்பது, என்ன கேட்டுக் கொடுப்பது

வெளியிடுவதற்கு முன் பதிப்புரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, இலங்கையில் 70. கடிதத்துக்கு உரிமையாளர் அதை எழுதியவர், வாங்கியவர் அல்ல. உரிமை முடியாததைப் படம் எடுத்துப் பத்திரமாக வைத்திருங்கள், பொதுவில் போடாமல் இருந்தால் போதும். உயிரோடு இருப்பவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் இருந்தால் பொதுப் பிரதியில் மறைத்துவிடுங்கள்.

இலங்கைத் தமிழர் சம்பந்தப்பட்டதென்றால் 2005 முதல் நடக்கும் நூலகம் திட்டம் இருக்கிறது, எரிந்த நூலகத்தின் நினைவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு அச்சுப் பொருள் என்றால் ரோஜா முத்தையா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய இலக்கியத்தை எழுத்தாக்கியிருந்தால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தொகுப்பு பெரியதாகவும் அழியும் நிலையிலும் இருந்தால் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் நிதி கொடுக்கும், மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்களுடைய விதி.

யாரிடம் கொடுத்தாலும் மூலத்தைக் கையில் திணித்துவிட்டு வராதீர்கள். முதலில் டிஜிட்டல் பிரதியைக் கொடுங்கள். மூலத்தையும் கொடுப்பதென்றால் எழுத்தில் சில விஷயங்கள் வாங்குங்கள்: உருப்படிகளின் பட்டியலோடு ரசீது, இது தானமா அல்லது வைத்துக்கொள்ளக் கொடுத்ததா என்பது, ஊர்க்காரர்கள் வந்தால் கட்டணமில்லாமல் பார்க்கலாமா, நிறுவனம் மூடினால் யாரிடம் போகும். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கும். அப்படியென்றால் பிரதியை மட்டும் கொடுத்துவிட்டு, மூலத்தைத் துணியில் சுற்றி, ஈரம் படாத மேல் அலமாரியில், எங்கே வைத்தீர்கள் என்பதைப் பட்டியலில் எழுதிவிட்டு வையுங்கள்.